நான்கு ஊர், மூன்று தரை: கிராண்ட் ஸ்லாம் என்றால் எது?

விம்பிள்டன் நடந்துகொண்டிருந்த ஒரு மாலை அக்கா மகள் கேட்டாள்: "மாமா, டி.வி.யில விம்பிள்டன் ஒரு கிராண்ட் ஸ்லாம்னு சொல்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, ஒற்றையர்ல இதுவரைக்கும் அஞ்சு பேர்தான் கிராண்ட் ஸ்லாம் அடிச்சிருக்காங்கன்னும் சொல்றாங்க. எது சரி?"

ரெண்டும் சரிதான் என்றேன். முறைத்தாள். அவள் முறைத்ததில் தப்பில்லை. ஒரே பெயரை இரண்டு பொருளில் புழங்கவிட்டு, புதிதாகப் பார்க்க வருகிறவர்களை டென்னிஸ் உலகம் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

எளிய பொருளை முதலில் பார்த்துவிடலாம். தொழில்முறை டென்னிஸில் ஆண்டு முழுக்க ஏதாவது ஓர் ஊரில் போட்டி நடந்துகொண்டே இருக்கும். அவற்றில் நான்கு மட்டும் தனி உயரத்தில் நிற்பவை. ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன். மே கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும் பிரெஞ்சு ஓப்பன், பாரிஸில். ஜூன் கடைசியும் ஜூலை முதல் பாதியுமாக லண்டனில் விம்பிள்டன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிகிற யு.எஸ். ஓப்பன், நியூயார்க்கில். இந்த நான்கில் ஒவ்வொன்றையும் இன்று கிராண்ட் ஸ்லாம் என்கிறோம். மேஜர் என்றும் சொல்வதுண்டு. உண்மையில் அதுதான் குழப்பமில்லாத சொல். ஆனால் கிராண்ட் ஸ்லாம் என்பதில் உள்ள கம்பீரம் அதில் இல்லையே!

பிரெஞ்சு ஓப்பனை ரோலான் காரோஸ் என்றும் அழைப்பார்கள். அது யாரோ பழைய டென்னிஸ் நட்சத்திரத்தின் பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் ஒரு விமானி. 1913-ல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் முதன்முதலாகப் பறந்து கடந்தவர், 1918-ல் முதல் உலகப் போரில் இறந்துபோனார். பத்து ஆண்டு கழித்துக் கட்டிய அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சரி, இந்த நான்கும் மற்றவற்றைவிட எவ்வளவு பெரியவை? சென்னைக்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. நுங்கம்பாக்கத்தில் 2017 வரை ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னை ஓப்பன் நடந்தது நினைவிருக்கும். கடைசி ஆண்டுகளில் அது 250 என்ற பிரிவில் இருந்தது. கோப்பை வெல்பவருக்கு உலகத் தரவரிசையில் 250 புள்ளி. அதற்கு மேல் 500 புள்ளிப் போட்டிகள், அதற்கும் மேல் 1000 புள்ளிப் போட்டிகள். கிராண்ட் ஸ்லாமில் கோப்பைக்கு 2000. சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா 2014 ஜனவரியில் சென்னையில் பட்டம் வென்றார். அதே மாதம் மெல்போர்ன் போய், கால் இறுதியில் ஜோகோவிச்சையும் இறுதியில் நடாலையும் வீழ்த்தி ஆஸ்திரேலிய ஓப்பனையும் எடுத்தார். சென்னையில் வாங்கியதைப்போல எட்டு மடங்கு புள்ளி, அதே ஜனவரியில்.

நிர்வாகத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டு முழுக்க நடக்கும் மற்ற போட்டிகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கு ஏ.டி.பி., பெண்களுக்கு டபிள்யூ.டி.ஏ. என்ற அமைப்புகளின் கீழ் வருகின்றன. இந்த நான்கு மட்டும் அவற்றின் கைக்குள் இல்லை. மூன்றை அந்தந்த நாட்டு டென்னிஸ் சங்கங்கள் நடத்துகின்றன. விம்பிள்டனை நடத்துவதில் முன்னால் நிற்பது ஆல் இங்கிலாந்து கிளப் என்ற ஒரு மன்றம். அதனால்தான் வெள்ளை உடையில் மட்டுமே ஆட வேண்டும் என்று அங்கே இன்றும் அடம்பிடிக்க முடிகிறது.

ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 128 பேர் 64 ஆகி, 32 ஆகி, இப்படிப் பாதிப்பாதியாகக் குறைந்து கடைசியில் ஒருவர் மிஞ்ச ஏழு சுற்று ஆகும். இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. முன்னணியில் இருப்பவர்கள் முதல் நாளே மோதி வெளியேறிவிடக் கூடாது என்பதற்காக 32 பேருக்கு வரிசை எண் கொடுத்துத் தள்ளித்தள்ளி உட்காரவைப்பார்கள். இதற்குப் பெயர் சீடிங். பெயருக்கு முன்னால் 5, 17 என்று சின்ன எண் போட்டிருந்தால் அது இதுதான். மூன்றாம் சுற்றுக்கு முன்னால் இந்த 32 பேரில் யாரும் ஒருவரையொருவர் சந்திக்க மாட்டார்கள்.

128 பேரும் தரவரிசையால் மட்டும் உள்ளே வருவதில்லை. 16 பேர் அதற்கு முந்தைய வாரமே தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வருகிறவர்கள். இன்னும் எட்டு இடம் நடத்துகிறவர்களின் விருப்பத்துக்கு. வைல்டு கார்டு என்பது இதைத்தான். உள்ளூர் இளைஞர்கள், காயத்திலிருந்து மீண்டு வரும் பழைய வீரர்கள் என்று கொடுப்பார்கள். பெரும்பாலும் முதல் சில நாளிலேயே இவர்கள் கதை முடிந்துவிடும். 2001-ல் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச் வைல்டு கார்டில் வந்து விம்பிள்டனையே தூக்கிக்கொண்டு போனார். 2021 யு.எஸ். ஓப்பனில் பிரிட்டனின் 18 வயது எம்மா ரடுகானு தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினார். பத்து ஆட்டம், ஒரு செட்கூட விடவில்லை, கோப்பை கையில்.

செட் என்றதும் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். புள்ளிகள் 15, 30, 40 என்று ஏறும். அதற்கு மேல் ஒரு புள்ளி எடுத்தால் ஒரு கேம். இருவரும் 40-ல் நின்றால் டியூஸ். அங்கிருந்து தொடர்ந்து இரண்டு புள்ளி எடுப்பவருக்கு அந்த கேம். ஆறு கேம் சேர்த்து, எதிராளியைவிட இரண்டு கேம் முன்னால் இருந்தால் ஒரு செட். 6-6 என்று நின்றால் டை-பிரேக், அதாவது அந்தச் செட்டைத் தீர்மானிக்கும் கடைசி ஒரு கேம். 15, 30 என்று ஏன் தாவுகிறது என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

மற்றப் போட்டிகளில் ஆண்களும் மூன்று செட் ஆட்டம்தான் ஆடுகிறார்கள். இரண்டு எடுத்தால் வெற்றி. கிராண்ட் ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட், மூன்று எடுக்க வேண்டும். பெண்களுக்கு இங்கேயும் மூன்றே. ஆட்டத்தின் குணமே இதில் மாறிவிடுகிறது. மூன்று செட்டில் சூடாக ஆடும் ஒரு மணி நேரம் யாரையும் கவிழ்த்துவிடும். ஐந்து செட்டில் முதல் இரண்டைக் கோட்டைவிட்ட பிறகும் நேரம் இருக்கிறது. 2025 பாரிஸ் இறுதியில் முதல் இரண்டு செட்டையும் இழந்த கார்லோஸ் அல்கராஸ், நான்காவது செட்டில் யானிக் சின்னர் கோப்பைக்கு ஒரே ஒரு புள்ளி தூரத்தில் மூன்று முறை நின்றதையும் தாண்டி, 5 மணி 29 நிமிடத்தில் ஜெயித்தார்.

முன்பு ஐந்தாவது செட்டுக்கு நான்கு ஊரிலும் ஒரே விதி கிடையாது. விம்பிள்டனில் 2018 வரை அந்தச் செட்டுக்கு டை-பிரேக்கே கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2010-ல் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹுவும் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாள், மொத்தம் 11 மணி 5 நிமிடம். கடைசி செட்டின் கணக்கு 70-68. நடுவில் ஸ்கோர் போர்டே நின்றுபோனது. அவ்வளவு தூரம் எண்ண அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 2022 முதல் நான்கு ஊரிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக் என்று ஒரே விதி ஆகிவிட்டது. நல்ல முடிவுதான். ஆனாலும் 70-68 போன்ற கிறுக்குத்தனம் இனி வராது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் நான்குக்கும் பொது. இனி சொல்லப்போவது தரை. கிராண்ட் ஸ்லாமைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், நான் தரையைத்தான் சொல்வேன். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சேப்பாக்கத்தில் திரும்பும் பந்தும் பெர்த்தில் எகிறும் பந்தும் ஒன்றா?

பாரிஸில் சிவப்புத் தரை. நம் பத்திரிகைகள் களிமண் தரை என்று எழுதுகின்றன. கேட்டால் வயல் சேறு கண்முன் வருகிறது. அங்கே மேலே தெரியும் சிவப்பு செங்கல் பொடி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே கரிக் கசடும் சரளையும். பந்து விழும்போது இந்தப் பொடி அதைப் பிடித்து இழுக்கிறது. வேகம் குறைகிறது, பந்து உயரமாக எழும்புகிறது. மணிக்கு 210 கிலோமீட்டரில் வரும் சர்வீஸைக்கூட மற்ற தரைகளைவிட இங்கே எடுக்க முடியும். அதனால் ஒரு புள்ளிக்கு 20, 25 அடி அடிக்க வேண்டி வரும். சர்வீஸை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது ஆகாத ஊர். ஓடச் சலிக்காதவர்களுக்கு, வழுக்கிக்கொண்டே போய் நின்று அடிக்கத் தெரிந்தவர்களுக்கு, பந்துக்கு மேல்சுழற்சி கொடுத்து எதிராளியின் தோள் உயரத்துக்கு எழுப்பிவிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம்.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் பெயர் ரஃபேல் நடால். இடக்கை வேறு. ரோலான் காரோஸில் 14 பட்டம், 112 வெற்றி, நான்கே தோல்வி. எதிர்ப்பக்கம் பீட் சாம்ப்ராஸைப் பாருங்கள். மொத்தம் 14 கிராண்ட் ஸ்லாம், அதில் ஏழு விம்பிள்டன். பாரிஸில் ஒன்றுமில்லை, ஒரே ஒரு முறை அரையிறுதி, அவ்வளவுதான்.

செங்கல் பொடியில் இன்னொரு சுவாரசியம், பந்து விழுந்த தடம் அப்படியே தெரியும். கோட்டில் பட்டதா, வெளியே போனதா என்று சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். விம்பிள்டன்கூட 2025-ல் கோட்டு நடுவர்களை அனுப்பிவிட்டு மின்னணுக் கண்களுக்கு மாறிவிட்டது. பாரிஸ் அந்த ஆண்டும் மனிதர்களோடுதான் நின்றது.

விம்பிள்டனில் புல். எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள். பந்து இங்கே எழும்பாது. வழுக்கிக்கொண்டு தாழ்வாக, வேகமாக வரும். யோசிக்க நேரமில்லை. ஒரு காலத்தில் சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, பந்து தரையில் விழுமுன்பே தட்டிவிடுகிறவர்கள்தான் இங்கே ராஜா. 2001-ல் புல் வகையை முழுக்க ரை என்ற ஒன்றுக்கே மாற்றினார்கள். தரை இறுகி, பந்து முன்னைவிடக் கொஞ்சம் எழும்பத் தொடங்கியது. இன்று பின்கோட்டில் நின்று அடிப்பவர்களே அதிகம். அதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்: முதல் திங்கட்கிழமை பச்சைப்பசேல் என்று இருக்கும் மைதானம், இறுதி நாளில் பின்கோட்டு ஓரம் மட்டும் புல் போய் மண்ணாகக் கிடக்கும். சாம்ப்ராஸ் காலத்தில் வலைக்குப் போகும் வழியும் தேய்ந்திருந்தது.

மெல்போர்னும் நியூயார்க்கும் கடினத் தரை. அடியில் கெட்டித் தளம், மேலே அக்ரிலிக் பூச்சு. வேகத்தில் புல்லுக்கும் செங்கல் பொடிக்கும் நடுவில். மெல்போர்னில் எதிரி வெயில். நியூயார்க்கில் இரவு ஆட்டமும், 23,000 பேருக்கு மேல் உட்காரும் ஆர்தர் ஆஷ் அரங்கத்தின் இரைச்சலும்.

இந்த மூன்று தரையும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதையும் பாருங்கள். பாரிஸ் முடிந்து மூன்றே வாரத்தில் விம்பிள்டன். 2014 வரை அந்த இடைவெளி இரண்டே வாரம். வழுக்கி ஆடிய கால், அதற்குள் புல்லில் குட்டைக் குட்டையாக அடியெடுத்து வைக்கப் பழக வேண்டும். ஸ்வீடனின் பியோர்ன் போர்க் 1978, 79, 80 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து இரண்டையும் வென்றார். அதே போர்க் நியூயார்க்கில் நான்கு முறை இறுதிக்குப் போய் நான்கிலும் தோற்றார். ஆஸ்திரேலியாவுக்குப் போனது ஒரே ஒரு தடவை. அன்று அது தூரத்து ஊர், கிறிஸ்துமஸ் நேரம், பரிசும் குறைவு. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அக்கா மகளின் இரண்டாவது பொருளுக்கு வருவோம். கிராண்ட் ஸ்லாம் முதலில் சீட்டாட்டச் சொல். பிரிட்ஜ் ஆட்டத்தில் 13 சுற்றையும் ஒரே தரப்பு எடுத்தால் அது கிராண்ட் ஸ்லாம். 1933-ல் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிராஃபோர்டு தன் நாட்டுப் பட்டம், பிரெஞ்சு, விம்பிள்டன் மூன்றையும் வென்று அமெரிக்காவிலும் இறுதிக்கு வந்துவிட்டார். நான்கையும் ஒருவரே அள்ளப்போகிறார் என்றதும் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லை டென்னிஸுக்கு இழுத்துவந்தார்கள். இறுதியில் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முன்னால் இருந்த கிராஃபோர்டு, ஃபிரெட் பெர்ரியிடம் அடுத்த இரண்டையும் 6-0, 6-1 என்று விட்டார். பெயர் நிலைத்துவிட்டது; ஆள் கோட்டைவிட்டார்.

ஆக, அசல் கிராண்ட் ஸ்லாம் என்பது ஒரே ஆண்டில் நான்கையும் வெல்வது. அமெரிக்காவின் டான் பட்ஜ் 1938-ல் முதலில் அதைச் செய்தார். 1953-ல் மோரீன் கானலி, பெண்களில் முதல்வர். 1962-ல் ராட் லேவர்.

லேவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு விம்பிள்டன் அரையிறுதியில் அவர் தோற்கடித்தது நம் ராமநாதன் கிருஷ்ணனை. 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற கிருஷ்ணன், 1960, 61 இரண்டு ஆண்டும் அரையிறுதிக்குப் போனார். ஒரு முறை நீல் ஃபிரேசர், மறுமுறை லேவர். தோற்கடித்த இருவரும் அந்தந்த ஆண்டு கோப்பையை எடுத்தார்கள்.

நான்கையும் வென்ற கையோடு லேவர் காசுக்கு ஆடத் தொடங்கினார். அன்று அது குற்றம் மாதிரி. நான்கு பெரிய போட்டியிலும் சம்பளம் வாங்காத அமெச்சூர்களுக்குத்தான் இடம். ஐந்து ஆண்டுக்கு மேல் அவரை உள்ளேயே விடவில்லை. 1968-ல்தான் எல்லோரும் ஆடலாம் என்று கதவைத் திறந்தார்கள். போட்டிகளின் பெயரில் இருக்கும் ஓப்பன் என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான். உள்ளே வந்த லேவர் 1969-ல் மறுபடியும் நான்கையும் வென்றார். ஒற்றையரில் இரண்டு முறை செய்தவர் அவர் ஒருவர்தான். 1970-ல் மார்கரெட் கோர்ட்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் வென்ற காலத்தில் பாரிஸ் நீங்கலாக மூன்று போட்டியும் புல்லில்தான் நடந்தன. நியூயார்க் 1975-ல் புல்லைக் கைவிட்டு மூன்று ஆண்டு வேறொரு வகை மண் தரையில் ஆடிப் பார்த்துவிட்டு, 1978-ல் கடினத் தரைக்குப் போனது. ஜிம்மி கானர்ஸ் அந்த மூன்று தரையிலும் யு.எஸ். ஓப்பன் வென்று வைத்திருக்கிறார். மெல்போர்ன் 1988-ல் புதிய அரங்கத்துக்கும் கடினத் தரைக்கும் மாறியது. மாறிய அந்த முதல் ஆண்டே ஜெர்மனியின் 19 வயது ஸ்டெஃபி கிராஃப் நான்கையும் வென்றார். பாரிஸ் இறுதியில் கணக்கு 6-0, 6-0. போதாது என்று சியோல் ஒலிம்பிக்கில் தங்கமும். புல், செங்கல் பொடி, கடினத் தரை என மூன்றிலும் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எடுத்த ஒற்றையர் ஆட்டக்காரர் அவர் மட்டுமே. லேவரின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். என் கணக்கில் கிராஃபுடையதுதான் கடினமான கிராண்ட் ஸ்லாம்.

அதற்குப் பிறகு ஒற்றையரில் யாருக்கும் கைகூடவில்லை. 24 கிராண்ட் ஸ்லாம் பட்டம் வைத்திருக்கும் நோவாக் ஜோகோவிச் 2021-ல் முதல் மூன்றையும் வென்று நியூயார்க் இறுதிவரை வந்தார். அங்கே ரஷ்யாவின் மெத்வதேவ் ஒரு செட்கூட விடாமல் முடித்துவிட்டார். 2015-16-ல் ஜோகோவிச் நான்கு கோப்பையையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தது உண்டு. ஆனால் அது இரண்டு ஆண்டுக்கு நடுவில் பரவி நின்றதால் அசல் கணக்கில் சேராது. வாழ்நாளில் எப்போதாவது நான்கையும் ஒரு முறையாவது வெல்வதற்கு கரியர் கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். அதையே பெரிய சாதனையாகத்தான் கொண்டாடுகிறார்கள்.

இவ்வளவும் ஒற்றையர் கதை. இரட்டையர், கலப்பு இரட்டையர், சிறுவர் சிறுமியர், சக்கர நாற்காலிப் பிரிவுகளும் இதே இரண்டு வாரத்தில் நடக்கின்றன. பெரியவர்கள் பிரிவில் இந்தியர்கள் கோப்பை எடுத்தது இரட்டையரில். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997-ல் பாரிஸில் ஜப்பானின் ரிக்கா ஹிராக்கியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் வென்றதுதான் தொடக்கம். ரோகன் போபண்ணா 2024-ல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் வென்றார்.

பார்க்கத் தொடங்க எது தோது என்று அடுத்துக் கேட்டாள். நேரத்தை வைத்துச் சொன்னேன். மெல்போர்ன் நமக்கு விடிகாலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். நியூயார்க் இரவு எட்டரை. அங்கே இரவு ஆட்டம் என்பது இங்கே அதிகாலை நாலரை. விம்பிள்டன் மாலை மூன்றரைக்கு, நடுமைதானத்தில் ஆறு மணிக்கு. எனக்கென்னவோ பாரிஸ்தான் சரியென்று படுகிறது. பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும், பந்து மெதுவாக வருவதால் என்ன நடக்கிறது என்று புதிதாகப் பார்க்கிற கண்ணுக்கும் பிடிபடும். முதல் வாரத்தில் பெரிய அரங்கத்தை விட்டுவிட்டு, பெயர் தெரியாத இருவர் ஓரத்து மைதானத்தில் ஐந்தாவது செட் ஆடிக்கொண்டிருந்தால் அதைப் போடு என்றேன். அவள் அதற்குள் காலண்டரில் மே மாதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.